இலைச் சாற்றில் பிறக்கும் வெள்ளி

வெள்ளி உப்பைக் கரைத்த நீரில் வேப்பிலைச் சாற்றையோ துளசிச் சாற்றையோ ஊற்றி வைத்தால், நீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. சாற்றில் உள்ள பொருள்கள் உப்பிலிருக்கும் வெள்ளியை உலோகமாக மீட்டு, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரட்டி, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி போர்த்தியும் விடுகின்றன. மூலிகையைக் கொண்டு வெள்ளி நானோ துகள் செய்யும் இந்த முறைக்குப் பசுமைத் தொகுப்பு என்று பெயர். நச்சு வேதிப்பொருள் வேண்டாம், விலை உயர்ந்த உலை வேண்டாம், ஒரு பிடி இலையும் ஓர் அடுப்பும் போதும் என்பதால், கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய ஆய்வுக்கூடங்களில், குறிப்பாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில், இது வேகமாகப் பரவியது. அந்தத் துகள் உயிருள்ள உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்ற கேள்வியை முன்கூட்டியே கையில் எடுத்த இடங்களில் ஒன்று சிங்கப்பூர்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இங்கே பேசப்படும் வெள்ளித் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துகளுக்குள் சுமார் 30,000 வெள்ளி அணுக்கள்தாம் அடங்கும். இவ்வளவு சிறிதாவதால் கிடைக்கும் பெரிய லாபம் மேற்பரப்பு. பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு வெள்ளிக் கட்டியின் எடை 10.5 கிராம், அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். 90 சதுர மீட்டர் கொண்ட, சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீடுகள் ஆறேழின் தரைப்பரப்பு அது. உலோகம் வெளியுலகோடு உறவாடுவது மேற்பரப்பில்தான். ஆகவே கொலுசிலோ குங்குமச் சிமிழிலோ சும்மா கிடக்கும் வெள்ளி, நானோ அளவில் முற்றிலும் வேறு சுபாவம் கொண்டதாகிறது.

அஞ்சடி ஓரத்துச் செடிகள்

ஆய்வுக்கட்டுரைகளில் லத்தீன் பெயரோடு வரும் தாவரங்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நடந்துபோகும் எவருக்கும் தெரிந்தவை. தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ சாலைக் கடைகளில் வாழை இலைக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் துளசியும் வேப்பிலைக் கொத்தும் கறிவேப்பிலையும் கிடைக்கும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலின் திருநாள்களில் வேப்பிலை இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. கற்பூரவள்ளியை வீவக வீட்டுத் தாழ்வாரத் தொட்டிகளில் பார்க்கலாம். கீழாநெல்லி யாரும் நடாமலே அந்தத் தொட்டிகளில் முளைத்துக்கொள்ளும்.

இவற்றில் கவனிக்க வேண்டிய செடி குப்பைமேனி. சாக்கடை ஓரத்திலும், அஞ்சடி எனப்படும் கடைமுன் நடைபாதையின் விரிசலிலும் தானே வளரும் இதை யாரும் விலை கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். சித்த மருத்துவ நூல்கள் இதைப் பூனைவணங்கி என்றும் சொல்கின்றன. மலாய்க்காரர்கள் கூச்சிங் காலாக் என்கிறார்கள். கூச்சிங் என்றால் பூனை. இதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும் என்பதை இரண்டு மொழிக்காரர்களும் கவனித்துப் பெயர் வைத்திருப்பது, இந்தச் செடியோடு மக்களுக்கு எவ்வளவு நாள் பழக்கம் என்பதற்கு அடையாளம். இந்த வட்டாரத்தின் மூலிகை அறிவைத் தொகுத்தவர்களில் ஐசக் ஹென்றி பர்க்கில் முக்கியமானவர். 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையின் இயக்குநராக இருந்த அவர், மலாய்த் தீபகற்பத்தின் பயன்தரு பொருள்களைப் பற்றிய அகராதியை 1935இல் வெளியிட்டார். அதே பூமலையில் 2011இல் திறக்கப்பட்ட மூலிகைத் தோட்டத்தில், 400க்கும் மேற்பட்ட தாவரங்கள் எந்த உறுப்புக்கு மருந்தாகின்றனவோ அந்த வரிசையில், மனித உடலின் அமைப்பில் நடப்பட்டிருக்கின்றன.

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைச் சேர்ந்த தாவரவியல் ஆய்வாளர்கள் இந்தக் குப்பைமேனி இலைச் சாற்றில் வெள்ளித் துகள்களைத் தயாரித்துக் காட்டினார்கள். 30 நிமிடங்களில் வேலை முடிந்தது. துகள்கள் 20 முதல் 30 நானோமீட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவிலேயே, நீர்வழி நோய் தரும் ஈ.கோலையையும் காலராக் கிருமியையும் அவை வளரவிடாமல் தடுத்தன. குப்பையில் வளரும் செடி, ஆய்வுக்கூடத்தில் பத்து டாலர் வேதிப்பொருளின் வேலையைச் செய்தது என்ற செய்தி பல கல்லூரிகளுக்கு உற்சாகம் தந்தது.

குடுவைக்குள் நடப்பது

செய்முறை எளிது. பத்துக் கிராம் இலையை நன்றாகக் கழுவி, சிறிதாக நறுக்கி, நூறு மில்லிலிட்டர் வாலைவடிநீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். கஷாயம் வைப்பது போலத்தான். இன்னொரு குடுவையில் வெள்ளி நைட்ரேட் கரைசல். பெரும்பாலும் லிட்டருக்கு 0.17 கிராம், அதாவது ஒரு மில்லிமோலார். ஒன்பது பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு சாறு என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். குழாய்நீர் இதற்கு உதவாது. அதில் இருக்கும் குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு, நீரை வெண்மையாகக் கலங்கடித்துவிடும். வெள்ளி நைட்ரேட்டைப் பழுப்புப் புட்டியில் வைப்பதற்கும் காரணம் உண்டு: வெளிச்சம் பட்டாலே அது கறுக்கத் தொடங்கும். இந்தியத் தேர்தலில் விரலில் வைக்கும் மையில் இருப்பது இதே உப்புதான். மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் செய்யும் அந்த மை தோலில் பட்டு, வெயிலில் கறுத்து, நாள்கணக்கில் அழியாமல் இருப்பதும் வெள்ளி அயனி உலோகமாக மாறுவதால்தான்.

குடுவையில் நடப்பதும் அதுவே. ஆனால் கட்டுப்பாட்டோடு நடக்கிறது. கரைசலில் ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாக மிதக்கிறது. சாற்றிலுள்ள பாலிஃபினால்களும் ஃபிளேவனாய்டுகளும் சில சர்க்கரைகளும் எலக்ட்ரானைத் தரக்கூடியவை. அவை தரத்தர அயனி மீண்டும் அணுவாகிறது. அணுக்கள் சில சேர்ந்து கருவாகின்றன. கருவின் மேல் மேலும் அணுக்கள் படிந்து துகளாகிறது. இதை அப்படியே விட்டால் துகள்கள் கூடி, கட்டியாகி அடியில் படிந்துவிடும். அங்கேதான் சாற்றிலுள்ள புரதங்களும் டெர்பினாய்டுகளும் வந்து துகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒடுக்கியும் இலையிலிருந்து வருகிறது, போர்வையும் இலையிலிருந்து வருகிறது. இந்த முறையின் அழகு இதுதான். பழைய முறையில் முதல் வேலைக்கு சோடியம் போரோஹைட்ரைடு அல்லது ஹைட்ரசீன் வேண்டும். இரண்டாம் வேலைக்கு வேறொரு செயற்கைப் பொருள் வேண்டும். ஹைட்ரசீன் கையாள ஆபத்தான நச்சு. அதை இலைச்சாறு விலக்கி வைத்தது உண்மையான முன்னேற்றம்.

நிறம் மாறுவதற்குக் காரணம் வெள்ளியில் தளர்வாக இருக்கும் எலக்ட்ரான்கள். இவ்வளவு சிறிய துகளில் ஒளி படும்போது அவை கூட்டமாக முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. அந்த ஊசலுக்கு ஒத்த ஒளியை, அதாவது 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஊதா-நீல ஒளியை, துகள்கள் விழுங்கிக்கொள்கின்றன. நீலம் போன பிறகு மிஞ்சும் ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. துகள்கள் பெருத்தாலோ கூட்டமாக ஒட்டினாலோ நிறம் பழுப்புக்கும் சாம்பலுக்கும் போகும். வெள்ளி நகைக்கு வெள்ளை நிறம். வெள்ளித் துகளுக்கு மஞ்சள் நிறம். நிறமாலைமானி காட்டும் மேடு எங்கே இருக்கிறது என்பதை வைத்தே துகளின் அளவைத் தோராயமாக ஊகிப்பார்கள்.

புனேயிலிருந்து தொடங்கிய பாதை

வெள்ளியை நுண்துகளாக்குவது புதிதன்று. அமெரிக்காவில் கேரி லீ 1889இலேயே சிட்ரேட்டைக் கொண்டு கூழ்மவெள்ளி தயாரித்திருக்கிறார். நானோ என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. தாவரத்தை இந்த வேலைக்கு இழுத்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 2003இல் கார்டியா-டொரெஸ்டேயின் அமெரிக்கக் குழு, அல்ஃபால்ஃபா நாற்றுகளை வெள்ளி கலந்த ஊடகத்தில் வளர்த்து, செடிக்குள்ளேயே வெள்ளித் துகள்கள் உருவாவதைக் காட்டியது.

இலைச் சாற்றைத் தனியே எடுத்து வேலை வாங்கியதில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி குழுவுக்குப் பெரும் பங்குண்டு. பூஞ்சைகளைக் கொண்டு துகள் செய்துவந்த அந்தக் குழு, ஜெரேனிய இலைக்கும் பிறகு வேப்பிலைக்கும் வந்தது. வேப்பிலைக் கஷாயத்தில் வெள்ளியும் தங்கமும் தனித்தனியாகவும், தங்கத்தின் மேல் வெள்ளி போர்த்திய இரட்டைத் துகளாகவும் உருவாவதை 2004இல் வெளியிட்டார்கள். நுண்ணுயிர்கள் வழியே நாள்கணக்கில் ஆன வேலை இலைச் சாற்றில் மணிக்கணக்காகச் சுருங்கியது. நுண்ணுயிரை வளர்க்கும் தொல்லையும் இல்லை. அதே ஆண்டில் எலுமிச்சைப்புல் சாற்றில் முக்கோணத் தங்கத் துகள்கள் செய்துகாட்டியதும் இவர்களே.

சாஸ்திரி பின்னர் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் புனே புத்தாக்க மையத்துக்குச் சென்றார். நெல்லுமிச் சாம்பலில் நானோ வெள்ளியைப் படியவைத்து, மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத வீட்டிலும் பயன்படும் தண்ணீர் வடிகட்டியாக டாடா ஸ்வச் 2009 டிசம்பரில் வெளிவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப்பின் குழு, வெள்ளி நானோ துகள்கள் நீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சிதைப்பதைக் கண்டுபிடித்து, அதை வீட்டு வடிகட்டி வரை கொண்டுபோயிருந்தது. இந்த இரண்டிலும் வெள்ளி ஒரு திண்மப் பொருளோடு பிணைந்து நிற்கிறது. குடிப்பவரின் வயிற்றுக்குள் போவதற்காக வைக்கப்பட்டதன்று. மூலிகை நானோ வெள்ளியைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கிருமியை வெல்வது எப்படி

வெள்ளியின் கிருமிநாசினிக் குணம் மருத்துவத்தில் பழையது. 1880களில் ஜெர்மன் மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்வையிழப்பைத் தடுத்தார். 1960களின் இறுதியிலிருந்து தீக்காயத்துக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு பூசப்படுகிறது. நானோ துகள் இதையே மெல்ல மெல்லச் செய்கிறது. துகளின் மேற்பரப்பு காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனால் கரைந்து அயனிகளை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றி, நொதிகளை முடக்கி, சவ்வைச் சிதைக்கின்றன. கந்தகத்தின் மேல் வெள்ளிக்கு இருக்கும் இந்தப் பற்று, வீட்டில் எல்லாரும் பார்த்ததுதான். அணியாமல் வைத்த கொலுசு கறுப்பதும், முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி மங்குவதும் வெள்ளி சல்ஃபைடு படிவதால்தான்.

இங்கேதான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க, அகார் பரப்பில் கிருமியை வளர்த்து, நடுவில் துளையிட்டுக் கரைசலை ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது வழக்கம். (அகார் என்ற சொல்லே மலாயிலிருந்து உலக மொழிகளுக்குப் போனது, தேக்காவில் அகர் அகர் வாங்கி இனிப்புச் செய்பவர்கள் கையாளுவதும் அதே கடற்பாசிக் கூழ்தான்.) வட்டம் பெரிதாக இருந்தால் துகள் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் துகள் அகாருக்குள் எளிதில் பரவாது, அயனி பரவும். குடுவையில் துகளாக மாறாமல் மிஞ்சிய வெள்ளி நைட்ரேட்டைக் கழுவி நீக்காவிட்டால், வட்டத்தை வரைந்தது அந்த மிச்ச உப்பாகவே இருக்கலாம். துகளை மைய விலக்கியில் சுழற்றிப் பிரித்து, பலமுறை கழுவி, வெறும் சாற்றையும் வெறும் வெள்ளி நைட்ரேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வை மட்டும்தான் நம்பலாம்.

பழுப்பு நிறமும் ஏமாற்றும். கஷாயம் வெளிச்சத்தில் வைத்தாலே கறுக்கும் இயல்புடையது. சில இலைகளில் குளோரைடு அதிகம். அவை வெள்ளியை ஓரளவு வெள்ளி குளோரைடாக மாற்றிவிடும். இதை எக்ஸ் கதிர் சோதனை காட்டிக்கொடுக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த நாலு படத்தில் அழகான ஒன்றை மட்டும் அச்சிடுவதைவிட, நூற்றுக்கணக்கான துகள்களை அளந்து பரவலைக் காட்டுவதே நேர்மையான வேலை.

இலைதான் மிகப் பெரிய சிக்கல். தஞ்சாவூர் வேம்பும் சிங்கப்பூர்ச் சாலையோர வேம்பும் ஒரே மரம்தான். ஆனால் மண்ணும் மழையும் வேறு. கொழுந்தும் முற்றலும் வேறு. ஆடியில் பறித்ததற்கும் மார்கழியில் பறித்ததற்கும் பாலிஃபினால் அளவு மாறும். போரோஹைட்ரைடு எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றுதான், வேப்பிலை அப்படியல்ல. ஒரு கூடத்தில் 15 நானோமீட்டர் தந்த செய்முறை அடுத்த கூடத்தில் 60 தருவது இதனால்தான். எந்தச் செடி என்று எழுதினால் போதாது. எந்தப் பருவத்தில், எந்த நிலத்தில் பறித்தது, உலர்த்தியதா பச்சையா, சாற்றின் அமிலத்தன்மை என்ன என்பதெல்லாம் பதிவானால்தான் அடுத்தவர் திரும்பச் செய்ய முடியும். புதிது புதிதாகச் செடியை மாற்றி ஆயிரமாவது கட்டுரை எழுதுவதைவிட, ஒரே செடியில் இந்தக் கேள்விகளைத் தீர்க்கும் ஓர் ஆய்வு அதிகம் உதவும்.

கென்ட் ரிட்ஜில் ஒரு மீன்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில், வேதியியல் துறையின் சுரேஷ் வலியவீட்டில் குழுவும் உயிரியல் துறையின் கோங் ஜியுவான் குழுவும் சேர்ந்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஒளிரும் மீன் என்று பின்னர் வீட்டுத் தொட்டிகளுக்காக விற்பனைக்கு வந்த வரிமீனை 1999இல் உருவாக்கியவர் கோங்தான். மரபணு மாற்றத்துக்குப் பயன்பட்ட அதே மீன் இனம் இப்போது நஞ்சுச் சோதனைக்கு வந்தது.

வரிமீனின் கரு கண்ணாடி போல் தெளிவானது. முட்டைக்குள் இதயம் துடிப்பதையும் இரத்தம் ஓடுவதையும் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கலாம்; இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரித்துவிடும். இந்தக் கருக்கள் இருந்த நீரில் ஆய்வாளர்கள் வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்தார்கள். துகள்களின் மேற்போர்வை இரண்டு வகை. ஒன்று மாட்டு இரத்தப் புரதம். மற்றொன்று மாவுச்சத்து, அதாவது சோற்றுக் கஞ்சியில் இருக்கும் அதே பொருள். அளவு கூடக்கூட அதிகக் கருக்கள் இறந்தன. பிழைத்தவை தாமதமாகப் பொரித்தன. முதுகுத்தண்டு வளைந்தது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்தது, துடிப்பு தடுமாறியது, இரத்த ஓட்டம் மெதுவானது. கருவை அறுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மூளையிலும் இதயத்திலும் மஞ்சள்கருவிலும் துகள்கள் கிடந்தன. மாவுச்சத்தை மட்டும் சேர்த்த கருக்களுக்கோ புரதத்தை மட்டும் சேர்த்தவற்றுக்கோ குறிப்பிடத்தக்க கேடு எதுவும் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2009இல், சுரேஷ் வலியவீட்டில் குழு மருத்துவத் துறையின் மானூர் பிரகாஷ் ஹாண்டேவோடு சேர்ந்து மனித உயிரணுக்களில் பார்த்தது. மாவுச்சத்து போர்த்திய 6 முதல் 20 நானோமீட்டர் துகள்கள். நுரையீரல் இழையணுக்களும் மூளைப் புற்றணுக்களும். துகள்கள் உயிரணுவுக்குள் புகுந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பாதித்தன. உயிரணுவின் சக்தி நாணயமான ஏ.டி.பி. குறைந்தது, கேடு செய்யும் ஆக்சிஜன் வகைகள் பெருகின, டி.என்.ஏ. சேதமடைந்து உயிரணுப் பிரிவு நின்றது. உலகெங்கும் வெள்ளி நஞ்சாய்வில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

இந்தத் துகள்கள் இலைச்சாற்றில் செய்தவை அல்ல. அதனால் வேப்பிலைத் துகளும் இதையே செய்யும் என்று எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்வை மாறினால் உயிரணுவுக்குள் புகும் வேகமும் கரையும் வேகமும் மாறும். ஆனால் கஞ்சி போன்ற சாதுவான போர்வை, உள்ளே இருக்கும் வெள்ளியைச் சாதுவாக்கிவிடவில்லை என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாகவே காட்டின. பசுமை என்ற சொல் துகள் தயாரான வழியைத்தான் குறிக்கிறது. துகள் உடலுக்கு என்ன செய்யும் என்பதைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும். ஒரே துகள் கிருமிக்கு எமனாகவும் மனிதருக்கு மருந்தாகவும் இருக்கும் என்று சோதிக்காமல் சொல்வது, மூலிகையின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

மூலிகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சி குடித்த சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோனதை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் இந்தக் குறைபாட்டுச் சோதனை நடக்கிறது. பிள்ளைக்கு இந்தக் குறை இருப்பது தெரிந்த பெற்றோர் அந்தத் தகவலை நாட்டு மருந்துக் கடையிலும் சொல்ல வேண்டும்.

கடைக்கு வரும்போது

நானோ வெள்ளி ஏற்கெனவே வீடுகளுக்குள் வந்துவிட்டது. காயக் கட்டு, காலுறை, முகக்கவசம், துணி துவைக்கும் இயந்திரம், பற்பசை என்று பட்டியல் நீளும். காயக் கட்டில் இருப்பது மருத்துவமனைகளில் நீண்ட காலமாகச் சோதித்த பயன்பாடு. புண் மேல் ஒட்டி, வேலை முடிந்ததும் கழற்றப்படுவது. வாய்வழியே அருந்தும் கூழ்மவெள்ளி அப்படியல்ல. மருந்துச் சீட்டின்றி விற்கும் கூழ்மவெள்ளிப் பொருள்கள் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் விதித்தது. தொடர்ந்து குடிப்பவர்களின் தோலில் வெள்ளி படிந்து நீலச் சாம்பல் நிறமாகும். ஆர்ஜிரியா எனப்படும் அந்த நிறம் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது.

சிங்கப்பூரில் மரபு மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய நச்சு உலோகங்களுக்கு அவற்றில் வரம்பு உண்டு. மூலிகைப் பொடியில் நானோ வெள்ளி சேர்ந்திருக்கிறது என்று ஒரு புட்டியில் எழுதியிருந்தால், அந்தப் புட்டி உணவா, மருந்தா, அழகுப்பொருளா என்று முதலில் கேட்பதே வாங்குபவருக்கு உதவும். சித்த மருத்துவத்தின் வெள்ளிப் பற்பத்தோடும் இதைக் குழப்பக் கூடாது. பற்பம் பலமுறை புடமிட்டுச் சுட்டெடுப்பது. குடுவையில் அரைமணியில் உருவாகும் துகளோடு அதன் செய்முறைக்கோ கலவைக்கோ ஒற்றுமை இல்லை.

கொசுவும் இந்தக் கதைக்குள் வருகிறது. அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வாளர்கள் கரிசலாங்கண்ணிச் சாற்றில் செய்த வெள்ளித் துகள்கள் கொசுப்புழுவைக் கொல்வதை 2011இல் காட்டினார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. 2020இல் 35,000க்கும் மேற்பட்ட டெங்கிச் சம்பவங்களைக் கண்ட சிங்கப்பூருக்கு இது கவர்ச்சியான வழியாகத் தோன்றலாம். ஆனால் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமந்த ஆண் கொசுக்களை விட்டு, முட்டைகள் பொரிக்காமல் செய்கிறது. அந்த ஆண் கொசு கடிக்காது, சில நாளில் செத்துவிடும். நீரில் உலோகம் எதுவும் மிஞ்சாது. கால்வாயில் கரைத்த வெள்ளி கொசுப்புழுவோடு நிற்காமல் மீன்குஞ்சுக்கும் போய்ச் சேரும்.

கிருமிகளும் கைகட்டி நிற்பதில்லை. 1975இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டையே தாக்குப்பிடித்த சால்மொனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. தேவையில்லாத இடத்திலெல்லாம் வெள்ளியைத் தெளித்தால், தீக்காய வார்டில் உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது கைவிட்டுவிடும்.

கழிவுநீர் போகும் வழி

ஒரு வெள்ளித் துகளின் சுற்றுச்சூழல் கணக்கைப் பார்க்கும்போது, இலையா போரோஹைட்ரைடா என்ற கேள்வி சிறிய பகுதியாகத்தான் இருக்கிறது. வெள்ளியைச் சுரங்கத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பதும், அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்பாக்குவதும்தான் பெரும் சுமை. குடுவையில் இலை எவ்வளவு பசுமையாக வேலை செய்தாலும் அந்தச் சுமை குறைவதில்லை.

பயன்படுத்திய பிறகு துகள் எங்கே போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் 2008இல் நடந்த ஆய்வில், வெள்ளி பூசிய காலுறைகள் சில வெறும் நீரில் அலசியதிலேயே வெள்ளியை விட்டுக்கொடுத்தன. சிங்கப்பூரில் வீட்டுக் கழிவுநீர் ஆழச் சுரங்கக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புறஊதாக் கதிர் ஆகியவற்றைக் கடந்து, புதுநீர் எனப்படும் மறுசுழற்சி நீராகத் திரும்புகிறது. நிலையத்தில் கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் நிறைந்த சேற்றோடு வெள்ளி பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே உள்ள கந்தகத்தைப் பற்றி வெள்ளி சல்ஃபைடாகிறது. கொலுசில் படியும் அதே கறுப்பு. அந்த வடிவில் அது எளிதில் கரையாது என்பதால் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைகிறது. சேறு உலர்த்தி எரிக்கப்படுகிறது. மிஞ்சும் சாம்பல் தெற்கே, 1999இல் திறந்த செமக்காவ் தீவின் குப்பைநிலத்துக்குப் படகில் போகிறது.